அக்கா பேசியது எங்கே போனது

1

என் அக்கா மீன் ஏலத்தில் நிற்கக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். பாரீஸ் எப்படி இருக்கிறது, பனி எப்படிப் பெய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வேறு யாராவது எழுதியதைப் படித்துக்கொள்ளுங்கள். இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. பாரீசுக்கு வெளியே ஒரு பெரிய கடையில், வெள்ளை பூட்ஸ் போட்டுக்கொண்டு மீன் வெட்டுகிறேன். தலையை வெட்டித் தூக்கிப் போடு என்று சொல்கிற ஜனங்களுக்கு மீன் வெட்டுவதில் என்ன பெருமை இருக்கிறது, நான் சொல்லிக்கொள்ள?

எங்கள் ஊர் கோட்டுச்சேரிக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கும் மீனவர் ஊர்களில் ஒன்று. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் அக்காவைத்தான் கூப்பிட்டு நிறுத்துவார்கள்.

அத்தானைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்பும் அக்காதான் கூடை தூக்கினாள், பின்பும் அவள்தான். காலையில் போட்டு, அதாவது படகு, கரை ஏறியதும் மீனைக் கொட்டி ஏலம் விடுவார்கள். சுற்றி நிற்கிற பெண்கள் கேட்டு எடுத்து, கூடையில் அள்ளி, பஸ் ஏறிப் போய் விற்பார்கள். அந்த வட்டத்துக்குள் நின்றால்தான் மீன். நிற்காதே என்றால் சாப்பிடாதே என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். ஊருக்குள் பேசினால் நாலு பேர் காதில் விழும் என்று கோட்டுச்சேரி வரைக்கும் பஸ்ஸில் போய் பூத்திலிருந்து பேசினாள்.

"தம்பி, சுனாமிக்கு மறு வருஷம் ஒரு வெள்ளக்காரப் பொண்ணு மைக்க எடுத்துக்கிட்டு வந்துச்சுன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"அதுகிட்ட நான் பேசுனத கம்ப்யூட்டர்ல போட்டுருக்காம். பஞ்சாயத்துச் செயலாளர் மவன் சிங்கப்பூர்ல பாத்துட்டு அவங்கப்பாவுக்குச் சொல்லிட்டான். நிவாரணத்த பஞ்சாயத்தார் தின்னுட்டாங்கன்னு நான் சொன்னேனாம். கோயில் வாசல்ல நிக்க வச்சுக் கேட்டாங்க."

"சொன்னியா?"

"நீ தேடி எடுத்துக் கேட்டுட்டுச் சொல்லு. நான் என்னா பேசுனேன்னு எனக்குத் தெரியும். என் வாய நம்பத்தான் இங்க ஆளு இல்ல."

ஊர்ப் பஞ்சாயத்தின் முடிவு இது. மாசி மகத்துக்குச் சாமி கடலுக்கு வரும். அதற்கு முன்னால் அக்கா ஊர் கூடியிருக்கும்போது விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை ஏலத்தில் நிற்கக் கூடாது. மாசி மகத்துக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தது.

2

இது என்ன விஷயம் என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாட்காஸ்ட் என்று பெயர். ரேடியோ மாதிரிதான், நிலையம் மட்டும் தேவையில்லை. மைக்கும் கம்ப்யூட்டரும் இருக்கிற யாரும் பேச்சைப் பதிந்து இன்டர்நெட்டில் போடலாம். வேண்டியவர்கள் இறக்கிக்கொண்டு, காதில் மாட்டிக் கேட்பார்கள். இங்கே ரயிலில் ஏறினால் முக்கால்வாசிப் பேர் காதிலும் கம்பி தொங்குகிறது. யார் என்ன கேட்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

இப்படிப் போட்டது கடல் அளவுக்குக் கிடப்பதால், அதில் தேடுவதற்கென்றே தனித் தளங்கள் வந்திருக்கின்றன. ஒரு கட்டம் இருக்கும். வார்த்தையை அடித்தால் பட்டியல் வரும். ஆனால் அது தேடுவது பேச்சை அல்ல. தலைப்பையும், தலைப்புக்குக் கீழே எழுதியிருக்கிற ஒன்றிரண்டு வரிகளையும்தான் தேடும். ஒருத்தி அரை மணி நேரம் வயிறெரிந்து என்ன பேசினாள் என்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. பேச்சுக்குள்ளேயே புகுந்து தேடித் தருகிறோம் என்று சொல்கிற தளமும் இருக்கிறது. அதற்கு ஆங்கிலம் தெரியும். கோட்டுச்சேரி பஸ்ஸில் பேசுகிற தமிழ் தெரியாது.

முதலில் என் மகள் லீனாவிடம் சொன்னேன். பதினாறு வயசு. கம்ப்யூட்டரில் விரல் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. சுனாமி, இந்தியா, மீனவப் பெண் என்று ஆங்கிலத்தில் ஒரு தடவை, பிரெஞ்சில் ஒரு தடவை அடித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"அத்தை பேரு என்ன?"

இரண்டு தடவை ஊருக்குப் போய் அக்கா கையால் சோறு தின்றவள். அக்கா இங்கே போன் செய்யும்போதெல்லாம் "நல்லா இருக்கீங்களா அத்தை" என்று ஒப்பிக்கிறவள். பேர் தெரியாது. சொன்னேன். அடித்தாள். வரவில்லை. மொத்தமே மூன்று நிமிஷம்.

"இல்லப்பா."

"அதுக்குள்ளயா?"

"முதல் பக்கத்துல இல்லேன்னா இல்ல. ரெண்டாவது பக்கத்துக்கு யாரும் போக மாட்டாங்க."

"ஏன் போக மாட்டாங்க?"

"போக மாட்டாங்க. அவ்வளவுதான்." எழுந்து போகிறபோது இன்னொன்றும் சொன்னாள். "கிடைக்கலேன்னா அத்தைக்கு நல்லதுதானே? அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லிடலாம்."

நான் கத்தினேன். கோபம் வந்தால் நான் தமிழுக்குப் போய்விடுவேன், அவள் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். இரண்டு ரேடியோவை ஒன்றாகப் போட்ட மாதிரி இருக்கும் எங்கள் வீட்டுச் சண்டை.

3

என் மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். பழைய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவருக்குக் குடியுரிமை இருந்ததால் என் மனைவிக்கு இருந்தது, மனைவிக்கு இருந்ததால் நான் இங்கே வந்தேன். முதல் பத்து வருஷம் எந்த ஆபீசுக்குப் போனாலும் என்னை "பிரெஞ்சுக் குடிமகளின் கணவன்" என்றுதான் எழுதினார்கள். எனக்கென்று தனியாக ஒரு வரி கிடையாது.

மாமாவுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு வித்தை தெரியும். மனு எழுதுவது. பென்ஷன் ஆபீஸ், குடியுரிமை ஆபீஸ், நகரசபை என்று எழுதாத இடம் இல்லை. அவரும் ஒரு கை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் அடித்தார். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் பிரெஞ்சில் முழுக் கடிதம். கனம் பொருந்திய ஐயா, கீழே கையொப்பமிடும் நான் காரைக்காலைச் சேர்ந்த முன்னாள் படைவீரன், என் மருமகனின் தமக்கை பேசிய ஒலிப்பதிவு ஒன்றைத் தேடித் தருமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

முடிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது.

"மாமா, இப்படியெல்லாம் எழுதக் கூடாது. ரெண்டு வார்த்தை போதும்."

"பொறுங்க மாப்பிள்ளை. இப்பத்தானே போட்டுருக்கோம். பதில் வர நாளாகும்."

"அந்தப் பக்கம் ஆளே கிடையாது மாமா. மிஷின்."

"ஆளு இல்லாமயா இவ்வளவு பெரிய ஆபீஸ நடத்துறாங்க?"

லீனா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடியுரிமைக் காகிதத்துக்காக நானும் வருஷக்கணக்கில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதாக நினைத்துத்தான் வரிசையில் நின்றேன்.

கடையில் என்னோடு மீன் வெட்டுகிறவன் சிவா, யாழ்ப்பாணத்துப் பக்கம். அவன் எப்போதும் காதில் மாட்டிக்கொண்டே வேலை செய்கிறவன். இந்தத் தளங்கள் எல்லாம் தெரியும். ஏதாவது வழி சொல்வான் என்று கேட்டேன். கானாங்கெளுத்தியைச் சுத்தம் செய்துகொண்டே சொன்னான்.

"அண்ணை, நான் தேடுறது வேற மாதிரி. ஒவ்வொரு நாளும் காலமை என்ர ஊர்ப் பேரை அடிச்சுப் பாப்பன். செய்தியிலயும் பாப்பன், உந்தப் பேச்சுகளிலயும் பாப்பன்."

"வருமா?"

"ஒண்டும் வராட்டி நல்லது. சண்டைக்குள்ள அம்மா அங்க இருக்கிறா. வந்திச்செண்டால் அண்டைக்கு நான் வேலைக்கு வரமாட்டன்."

ஒரே கட்டம்தான். நான் ஏதாவது வர வேண்டும் என்று அடிக்கிறேன், அவன் எதுவும் வரக் கூடாது என்று அடிக்கிறான்.

4

சிங்கப்பூரில் இருக்கிற செயலாளர் மகன் முருகவேலுக்குப் போன் போட்டேன். கப்பல் பட்டறையில் வேலை. சின்ன வயசில் எங்கள் வீட்டு வாசலில் விளையாடியவன். அவன்தான் பற்றவைத்தவன், அவனைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

"சும்மா ஆசைல ஒரு நாள் நம்ம ஊர்ப் பேரப் போட்டுப் பாத்தேன் அண்ணே. ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. அதுலயும் நம்மள அசிங்கப்படுத்தி வச்சுருந்தாங்க."

ஆசையில் என்று அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. அந்த ஆசைக்காக அவனை நான் திட்ட மாட்டேன். நானும் ஊர்ப் பேரை அடித்துப் பார்த்தவன்தான்.

அவன் பார்த்தது யாரோ ஒரு மாணவன் ஆங்கிலத்தில் எழுதிய பக்கம். பேச்சைத் தேடுகிற தளத்தில் அது வராது. எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு, இங்கே மீன் விற்கும் விதவை ஒருத்தி பஞ்சாயத்து நிவாரணத்தை விழுங்கிவிட்டதாகச் சொல்கிறாள், கேளுங்கள் என்று இரண்டு வரி. அதற்குக் கீழே ஒலிக்குப் போகிற இணைப்பு.

"நீ கேட்டியா?"

"படிச்சேன் அண்ணே."

"கேட்டியான்னு கேக்குறேன்."

"அது பிரெஞ்சுல இருந்துச்சு. எனக்கு எப்படிப் புரியும்?"

"எங்க அக்கா என்னடா, பிரெஞ்சுலயா பேசியிருக்கும்?"

பதிலுக்குக் காத்திராமல் நானே தொடர்ந்தேன்.

"கேக்காமயே ஒரு பொம்பள வயித்துல அடிச்சுட்டியேடா."

"நான் அப்பாகிட்ட சொன்னேன், அவ்வளவுதான். முடிவு பண்ணுனது ஊரு."

"ஊருன்னா யாரு, உங்கப்பாவும் இன்னும் பத்து ஆம்பளையும்தானே?"

"அண்ணே, நீங்க அங்க குளுர்ல உக்காந்துக்கிட்டு என்னா வேணா பேசுவீங்க. நாளைக்கு எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருதான் வரணும்."

போனை வைத்துவிட்டான். அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பியிருந்தான். திறந்து பார்த்தேன். இரண்டு வரியும் அப்படியே இருந்தன. ஒலிக்குப் போகிற இணைப்பு மட்டும் செத்துவிட்டது. யார் பதிந்தது என்றும் போடவில்லை. எழுதின மாணவனுக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. ஆக, குற்றச்சாட்டு இருக்கிறது, பேச்சு இல்லை.

5

என் வேலை விடியலில் தொடங்கி மதியம் முடியும். மூன்று வாரம், தினமும் மத்தியானச் சோறு சாப்பிட்டதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். மீன், கடல், கூடை, அலை, விதவை, காரைக்கால். தமிழில், பிரெஞ்சில், ஆங்கிலத்தில். லீனா போகாத இரண்டாவது பக்கத்துக்கும் போனேன், இருபதாவது பக்கத்துக்கும் போனேன். சுனாமி என்று அடித்தால் போதும், நிபுணர்கள் வரிசையில் வருவார்கள். செத்தவர்களைப் பற்றிப் பேச எத்தனை பேருக்குத்தான் நேரம் இருக்கிறது. அக்காவின் குரல் மட்டும் எதிலும் இல்லை.

எங்கள் அப்பாவுக்குக் கடலுக்குள் ஒரு இடம் தெரியும். பழைய கப்பல் ஒன்று முழுகிக் கிடக்கிற இடம், மீன் அண்டும். மேலே தண்ணீர்தான் தெரியும். அப்பா ஒரு நாளும் கப்பலைத் தேடியதில்லை. காரைக்கால் விளக்கு வீட்டையும் அதற்குப் பின்னால் தெரிகிற மாதா கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக்கொண்டு போவார். வடக்கே திரும்பி இன்னும் இரண்டு அடையாளத்தைச் சேர்ப்பார். இரண்டு கோடும் எங்கே சேர்கிறதோ அங்கே தூண்டிலை இறக்குவார். எங்கள் ஊரில் கடலுக்குப் போகிற எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. மூன்று வாரமாக நான் கப்பலையே தேடிக்கொண்டிருந்தேன்.

மறுபடி அக்காவிடம் பேசினேன்.

"நீ பேசுனத விடுக்கா. அந்தப் பொண்ணப் பத்திச் சொல்லு."

"அதப் பத்தி என்னா இருக்கு. சுருட்ட முடி. செருப்பக் கழட்டிக் கைல வச்சுக்கிட்டு மண்ணுல நடக்கும். நெத்திலி வறுத்துக் குடுத்தேன், தொடல. மீனே திங்காதாம். மீன் திங்காதவளுக்கு மீன்காரிகிட்ட என்னாடி வேலன்னு கேட்டேன். கூட வந்த பையன் அத அதுக்குச் சொன்னான், சிரிச்சுச்சு."

"பேரு?"

"வாயில நுழையல."

"அங்கேருந்து எங்க போச்சுன்னு தெரியுமா?"

"கேரளாவுக்கு. யானைக்கு வைத்தியம் பாக்குற எடம் இருக்காம், அங்க போயி யானை சத்தத்தப் புடிக்கணும்னுச்சு. யானகிட்டயும் இந்த மைக்க நீட்டுவியான்னு கேட்டேன்."

யானை, கேரளா, வைத்தியம் என்று பிரெஞ்சில் அடித்தேன். நாலே நாலு வந்தது. மூன்றாவது ஒரு பெல்ஜியத்துப் பெண் போட்டது. அவள் பதிந்தது எல்லாம் போட்ட வரிசையில் கீழே கிடந்தது. யானைக்கு முந்தினது எதுவென்று பார்த்தேன். தலைப்பு "கூடை". அதற்குக் கீழே ஒரே வரி: கடற்கரையில் ஒரு பெண்.

ஊர் இல்லை, நாடு இல்லை, அலை இல்லை, பேர் இல்லை. எதை அடித்தாலும் எப்படி வரும்?

நான் போட்ட சத்தத்தில் லீனா ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். யானையையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யானைன்னு உங்களுக்கு எப்படிப்பா தோணுச்சு?"

"நான் மீன்காரன் மகன். அதான்."

6

ஒரு காது எனக்கு, ஒரு காது அவளுக்கு. பன்னிரண்டு நிமிஷம். முதலில் அலைச் சத்தம். பிறகு ஏலச் சத்தம். பிறகு அக்கா, "பேசலாமா? ஓடுதா இது?" என்றாள். மேல் மூச்சு வாங்கியது, கூடையை அப்போதுதான் இறக்கியிருப்பாள் போல.

இரண்டு வாக்கியம்தான் அவளைப் பேச விட்டார்கள். மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பிரெஞ்சுக் குரல் மேலே ஏறிக்கொண்டது. அக்கா கீழே போய்விட்டாள். மொழிபெயர்ப்பை அழகாகத்தான் படித்தாள் அந்தப் பெண், வருத்தமான குரலில். ஆனால் என் அக்கா வருத்தமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசினாள். வருத்தம் மேலே, கோபம் அடியில்.

"என்ன சொல்றாங்க?" என்று லீனாவைக் கேட்டேன்.

"பஞ்சாயத்து தங்களுக்கு எதுவும் தரல, தங்களை ஏழையா விட்டுட்டாங்கன்னு அத்தை சொல்றாங்க."

"அவ அப்படிச் சொல்லல."

"எனக்குக் கேக்குதேப்பா."

"உனக்கு மேல உள்ளது கேக்குது. அடியில உள்ளதக் கேளு."

திருப்பித் திருப்பிப் போட்டோம். பிரெஞ்சை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கேட்க எனக்கு நேரம் பிடித்தது. பதினெட்டு வருஷமாக அதற்கு நேர்மாறாகக் காதைப் பழக்கி வைத்திருக்கிறேன். கடைசியில் முழுசாகப் பிடித்தேன். ஒரு தாளில் எழுதினேன். அக்கா பேசியது இதுதான்.

"எங்க ஊர்ல தலைக்கட்டுன்னா கல்யாணமான ஆம்பள. எங்க வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் எங்க வீடு ஒரு தலைக்கட்டு. அவரு போயிட்டாரு. வீடு இருக்கு, நான் இருக்கேன், தலைக்கட்டு இல்ல. போட்டு வந்துச்சு, வலை வந்துச்சு, எல்லாம் தலைக்கட்டுக்கு. அலையில என் கூடையுந்தான் போச்சு. இவளுக்கு ஒரு கூடை குடுப்போம்னு எவனுக்காவது தோணுச்சா? திருடிட்டாங்கன்னு நான் சொல்லல. திருட வர்றவன் வீட்டுல ஆளு இருக்கா இல்லியான்னு பாத்துட்டாவது வருவான். இவங்க பாக்கவே இல்ல."

தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஞ்சாயத்தார் தின்றுவிட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்லியிருந்தாள்.

என் மனைவி படித்துவிட்டுச் சொன்னாள். "இத முழுசா அனுப்பாதீங்க. திருடிட்டாங்கன்னு நான் சொல்லலன்னு ஒரு வரி இருக்குல்ல, அத மட்டும் வெட்டி அனுப்புங்க. மன்னிப்பே கேக்க வேணாம். மறுநாளே ஏலத்துல நிக்கலாம்."

லீனாவுக்கு வெட்டத் தெரியும். ஒரு நிமிஷ வேலை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். இவ்வளவு வீராப்பாக எழுதுகிற நான், அந்த ஒரு வரியை வெட்டி அனுப்பி அக்காவின் சோற்றைக் காப்பாற்றிவிட்டு, மிச்சத்தைப் புதைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அக்காவிடம் சொன்னேன்.

"அந்தத் துண்டு போதும்க்கா. நீ ஏலத்துல நிக்கலாம்."

"நின்னு?"

"நின்னு மீன் எடு."

"முன்னால மாதிரியே பாக்காம இருப்பாங்க. அதுக்கு எதுக்குடா நீ மூணு வாரம் தேடுன? முழுசா அனுப்பு. அந்த வெள்ளக்காரிச்சி குரல எடுத்துட்டு அனுப்பு. நான் பேசுனது நான் பேசுன மாதிரியே வேணும்."

7

குரலுக்கு மேல் குரல் ஏற்றியதைப் பிரிக்க முடியாது, பதிந்தவளிடம்தான் அசல் இருக்கும் என்றாள் லீனா. பதிந்தவளுக்கு எழுத வேண்டும். என் பிரெஞ்சு மீன் விற்க மட்டும்தான் போதும். லீனா எழுதியது இரண்டே வரி, சிநேகிதிக்கு எழுதின மாதிரி.

"தள்ளுங்க," என்றார் மாமா.

மறுபடியும் ஒற்றை விரல், மறுபடியும் ஒரு மணி நேரம். கனம் பொருந்திய அம்மணி. கீழே கையொப்பமிடும் நான். அக்கா யார், அத்தான் எப்படிப் போனார், ஏலம் என்றால் என்ன, மாசி மகம் எப்போது வருகிறது, எல்லாம் பத்தி பத்தியாக. நான் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் பதில் வந்தது. நாற்பது நிமிஷ அசல் பேச்சு, பிரெஞ்சு ஒரு சொட்டுக்கூட இல்லாமல். இப்படி ஆகும் என்று தனக்குத் தெரியாது, தன் பக்கத்திலிருந்து அதை எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டிருந்தாள்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, பதில் வந்துச்சா?" என்றார் மாமா. ஒரு வாரத்துக்கு அதையே சொன்னார். சொல்லட்டும்.

காரைக்காலில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினேன். அக்கா போய், காதில் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷமும் தன் பேச்சைத் தானே உட்கார்ந்து கேட்டாளாம். பிறகு சிடியில் போட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மாசி மகத்தன்று அவள் என்ன செய்தாள் என்பதை அவள் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் அதே கோட்டுச்சேரி பூத்திலிருந்து பேசினாள்.

"சாமி கெளம்புறதுக்கு முன்னால பஞ்சாயத்தாரு எல்லாம் கோயில் வாசல்ல உக்காந்துட்டாங்க. நான் விழுறதப் பாக்க ஊரே நிக்குது. நான் நேரா மைக் செட்காரன்கிட்ட போனேன். இதப் போடுன்னு சிடியக் குடுத்தேன்."

"போட்டானா?"

"சாமி பாட்டுன்னு நெனச்சுட்டான். நான் பாட்டுன்னு சொல்லல. தென்ன மரத்துல கட்டுன குழாயில எல்லாம் என் குரலு. கடல் வரைக்கும் கேட்டுருக்கும்."

"யாரும் நிறுத்தலியா?"

"செயலாளர் எந்திரிச்சாரு. அதுக்குள்ள அந்தத் திருடன் வர்ற எடம் வந்துடுச்சு. பொம்பளைங்க சிரிச்சுட்டாளுவ. அவ்வளவு பேரு சிரிச்சப்புறம் எந்த மொகத்தோட நிறுத்துவாரு? உக்காந்துட்டாரு."

"மன்னிப்பு?"

"யாரும் கேக்கல. நானும் குடுக்கல. சாமிக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாங்க."

"ஏலம்?"

"இன்னிக்குக் காலைல போயி நின்னேன். ஏலம் விடுறவரு என்னையத் தவிர எல்லாரு மொகத்தையும் பாத்தாரு. சங்கரா மீன் வந்துச்சு. நான் கேட்டேன். காதுல விழாத மாதிரி நின்னாரு. வெலய இன்னும் ஏத்திக் கேட்டேன். அப்புறம் பாத்தாரு."

8

ஊர் மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். பொய் சொல்ல எனக்கு வராது. தலைக்கட்டுப் பட்டியல் அப்படியேதான் இருக்கிறது. அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் எங்கள் வீட்டையும் தலைக்கட்டாக எழுது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேசுவோம் என்கிறார்களாம். பேசட்டும். அக்காவிடம் சிடி இன்னும் ஒன்று இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது, வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரைக் கேவலப்படுத்துகிறான் என்பார்கள். முருகவேல் கட்டாயம் சொல்வான். சொல்லட்டும். ஊர் கேவலப்பட்டது நான் எழுதியதால் அல்ல.

பெல்ஜியத்துப் பெண் அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டதை அக்காவிடம் சொன்னேன். எடுத்துவிடச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"எதுக்கு எடுக்கணும்? அந்தப் பொண்ணு கேக்காமயா பேசுனேன்? இருக்கட்டும். ஆனா கடற்கரையில் ஒரு பெண்ணுன்னு போட்டுருக்குன்னு சொன்னியே. இங்க பட்டியல்லயும் எனக்குப் பேரு இல்ல, அங்கயும் இல்லியா? என் பேரப் போடச் சொல்லு."

மாமா மூன்றாவது தடவையாக உட்கார்ந்து, கனம் பொருந்திய அம்மணி என்று தொடங்கினார். இந்தத் தடவை இரண்டே நாளில் பதில் வந்தது. மேலே ஏற்றிய பிரெஞ்சுக் குரலை எடுத்துவிட்டு, அசல் பேச்சைப் போட்டு, மொழிபெயர்ப்பைத் தனியாகக் கீழே எழுதியிருந்தாள். தலைப்பிலும் பேரைச் சேர்த்திருந்தாள்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த லீனா, நான் சொல்லாமலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தக் கட்டத்தில் அத்தையின் பேரை அடித்தாள். என்னிடம் கேட்காமலே அடித்தாள். ஒன்று வந்தது. முதல் பக்கத்திலேயே.

பேரை இங்கேயும் எழுதச் சொல்லி அக்கா உத்தரவு. என் அக்கா பேர் அஞ்சலை. தேடுங்கள், இப்போது கிடைக்கும். கிடைத்ததும் தலைப்பைப் படித்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறாள். உட்கார்ந்து கேளுங்கள்.